சைடு வீலைக் கழற்றினால் சாய்கிறாள்: ஐந்து வயதுக்கு சைக்கிள் பழக்குவது எப்படி?

கேட்டவர் | ஏப்ரல் 19, காலை 10.12

மகளுக்கு 5 முடிந்து 4 மாதம். 16 இன்ச் சைக்கிள். சைடு வீலோடு தெருமுனை வரை வேகமாகப் போய் வருகிறாள். சைடு வீலைக் கழற்றினால் இரண்டு மிதிக்குள் சாய்ந்துவிடுகிறாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினால் ஓட்டுகிறாள், விட்டதும் விழுகிறாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட வேண்டியதுதானா? பயம் தெளிந்தால் தானாக வந்துவிடும் என்கிறார் மாமனார்.

ஸ்பேனர் | ஏப்ரல் 19, பகல் 1.40

பயம் தெளிஞ்சா வராது. சைடு வீல்ல அவ கத்துக்கிட்டது மூணுசக்கர வண்டி. ரெண்டுசக்கரத்தை இன்னும் தொடங்கவே இல்லை.

காரணம் இதுதான். சைடு வீல் போட்ட வண்டி சாயாது. வலதுபக்கம் திருப்பினா உடம்பு இடதுபக்கம் தள்ளும், இடதுபக்கச் சின்ன வீல் தாங்கிக்கும். குழந்தையும் அதுமேல சாஞ்சு உக்காரப் பழகிடும். ரெண்டுசக்கரத்துல இது அப்படியே தலைகீழ். வலதுபக்கம் திரும்பணும்னா வலதுபக்கம் சாயணும். வலதுபக்கம் விழப்போனா ஹேண்டிலையும் வலதுபக்கமே ஒடிக்கணும், அப்பதான் சக்கரம் விழுற உடம்புக்கு அடியில போய் நிக்கும். விழுற பக்கமே திருப்புறதுதான் முழு வித்தை. அந்த வேலையை சைடு வீல் ஒருநாளும் அவகிட்ட கேட்டதில்லை.

செய்ய வேண்டியது: சைடு வீலோட சேத்து ரெண்டு பெடலையும் கழட்டுங்க. சீட்டை அடியோட இறக்குங்க. காலால தள்ளித் தள்ளி ஓட்டட்டும். பெடல் கடைசிப் பாடம்.

ஸ்பேனர் | ஏப்ரல் 19, பகல் 1.58

பெடல் கழட்டத் தெரியாம மரையை (திருகுப் புரியை) தேய்ச்சுட்டு வர்றவங்க நிறைய. அதனால தனியாவே எழுதிடறேன்.

15 நம்பர் ஸ்பேனர். தட்டையா மெல்லிசா இருக்கணும், பெடலுக்கும் அதைத் தாங்குற கம்பியான கிராங்குக்கும் நடுவுல இடம் கம்மி. வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர் மரை. எந்தப் பக்கம் சுத்தணும்னு மனப்பாடம் பண்ண வேண்டாம். ஸ்பேனரோட கைப்பிடி மேல நிக்கிற மாதிரி மாட்டிக்கிட்டு, பின்சக்கரம் பக்கம் தள்ளினா கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினா இறுகும். ரெண்டு பெடலுக்கும் இதே கணக்குதான். தள்ளும்போது கிராங்க் பின்னாடியே சுத்தும், எதிர்ப்பக்கப் பெடலை ஒருத்தர் அமுக்கிப் பிடிச்சுக்கணும்.

துரு பிடிச்சிருந்தா கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வச்சிடுங்க. சுத்தியலால ஸ்பேனரைத் தட்டாதீங்க.

கழட்டின பெடல்ல இடது, வலதுன்னு எழுதிப் பையில போட்டு வைங்க. பெரும்பாலும் அச்சு முனையிலயே எல், ஆர்னு பொறிச்சிருக்கும். வெறும் கிராங்க் நுனி முழங்காலுக்குக் கீழ உரசும், பழைய டியூப்பை வெட்டி இறுக்கிச் சுத்திடுங்க. ஸ்டாண்டு, மட்கார்டு, கூடை, கேரியர் எல்லாத்தையும் எடுத்துடுங்க. நம்ம ஊர் 16 இன்ச் வண்டி பல 9, 10 கிலோ இருக்கும். அஞ்சு வயசுப் பொண்ணு 17, 18 கிலோ. தன் எடையில பாதிக்கு மேல இருக்கிற வண்டியைத் தாங்கிப் பிடிக்கச் சொல்றோம். கழட்டுற ஒவ்வொரு அரைக்கிலோவும் லாபம்.

விளையாட்டு வாத்தியார் | ஏப்ரல் 19, இரவு 8.25

ஸ்பேனர் சொல்வது சரி. சீட் உயரத்துக்கு அளவு சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி, கால்களுக்கு நடுவே ஒரு தடிப் புத்தகத்தை மேலே முட்டும்வரை வைத்து, புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைக்கு அளந்தால் அதுதான் உள்கால் அளவு. தள்ளி ஓட்டும் கட்டத்தில் சீட்டின் மேல்பகுதி அதைவிட 2, 3 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். குதிகால் எழும்பினால் உயரம் அதிகம்.

இடம்: தெரு வேண்டாம். பள்ளி மைதானத்தில் இறுகிய மண், அல்லது கூடைப்பந்துத் திடல் சிமெண்ட். புல்தரை விழுவதற்கு மெத்தென்று இருக்கும், ஆனால் சக்கரம் உருளாது. வேகம் கிடைக்காமல் குழந்தை சலித்துவிடும். வேகம் குறைந்தால் சைக்கிளைச் சமாளிப்பது கடினம், பெரியவர்களுக்கும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத லேசான சரிவு கிடைத்தால் அதுதான் நல்ல இடம்.

பால்வாடி | ஏப்ரல் 20, காலை 6.50

மாமனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பிள்ளைகள் நிறைய விழுந்துதான் கற்கிறார்கள். நியூயார்க்கில் உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தம்போக்கில் விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணினார்கள். 2012இல் வெளியானது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடி எடுத்துவைக்கிறார்கள், 17 தடவை விழுகிறார்கள். யாரும் "நட, நட" என்று சொல்லவில்லை. நேர்கோட்டிலும் நடக்கவில்லை. வளைந்து, நின்று, திரும்பி, எதையோ எடுக்கக் குனிந்து, மறுபடி நடந்து.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது அவருடைய இன்னொரு ஆய்வு. சரிவை ஏற்ற இறக்கிக்கொள்ளும் மேடை ஒன்று. பல வாரம் தவழ்ந்து பழகிய குழந்தை, செங்குத்தான சரிவின் விளிம்பில் கையை வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று நின்றுவிடும். அதே குழந்தை நடக்கத் தொடங்கிய புதிதில் அதே சரிவில் தயங்காமல் காலை வைத்து உருளும். (பிடிக்க ஆள் பக்கத்திலேயே இருந்தார்.) தவழ்ந்து கற்ற எச்சரிக்கை நடைக்குக் கூடவே வரவில்லை. உடம்பு புது விதமாக நின்றால், எது முடியும் எது முடியாது என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

மூன்றுசக்கரத் திறமை இரண்டுசக்கரத்துக்கு வராததும் இதே வழியில்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆய்வு சைக்கிளைப் பற்றியதல்ல, இணைத்துப் பார்ப்பது நான்.

கேட்டவர் | ஏப்ரல் 20, மாலை 4.05

பெடல் கழன்றுவிட்டது. பின்சக்கரம் பக்கம் தள்ளும் கணக்குக்கு நன்றி. ஆனால் சீட்டை எவ்வளவு இறக்கினாலும் குதிகால் தரையைத் தொடவில்லை. உள்கால் அளவு 47 செ.மீ., சீட் 51இல் நின்றுவிட்டது. ஸ்பிரிங் வைத்த தடி சீட். 12 இன்ச் வண்டி புதிதாக வாங்க வேண்டுமா?

ஸ்பேனர் | ஏப்ரல் 20, மாலை 6.30

வாங்க வேண்டாம். ரெண்டு வழி. ஒண்ணு, ஸ்பிரிங் சீட்டைத் தூக்கிட்டு மெல்லிசான தட்டை சீட் மாட்டினா 3, 4 செ.மீ. இறங்கும். ரெண்டு, சீட் கம்பி உள்ள போய் எங்கேயோ இடிச்சு நிக்குதான்னு பாருங்க. இடிச்சா கம்பியோட அடியை ஹேக்ஸா பிளேடால தேவையான அளவு அறுத்துடலாம். ஆனா அறுத்த பிறகும் ஃபிரேமுக்குள்ள 6, 7 செ.மீ. கம்பி இருக்கணும். அறுத்த விளிம்பை அரத்தால ராவி விடுங்க.

"வளர்ற புள்ள, பெரிசா வாங்கிடுவோம்"ங்கிறது சட்டைக்குச் சரி. சைக்கிளுக்கு இல்லை. 12 இன்ச் 3, 4 வயசுக்கு, 14 இன்ச் 4, 5க்கு, 16 இன்ச் 5, 6க்கு, 20 இன்ச் ஏழுக்கு மேல. இதுவும் குத்துமதிப்புதான், வயசைவிடக் கால்தான் கணக்கு.

இன்னொண்ணு. இதை எல்லாரும் பண்ணுங்க, ரெண்டு நிமிஷ வேலை. முன்சக்கரத்தைத் தரையிலேருந்து தூக்கிக்கிட்டு வண்டியை ஒருபக்கம் சாய்ங்க. ஹேண்டில் தானா அந்தப் பக்கம் விழணும். அப்படியே விறைச்சு நின்னா ஹேண்டில் தண்டு சுழலுற இடத்துல இருக்கிற ஹெட் கப்பை அளவுக்கு மேல முறுக்கி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்த வண்டியை நீங்க ஏறினாலும் நேரா ஓட்ட முடியாது, வண்டி சாயும்போது சக்கரம் தானா திரும்பி சமாளிக்கிற வேலை நின்னு போயிடும். புது வண்டியிலயே இது நிறைய வருது. மேல் நட்டைத் தளர்த்தி, கப்பைக் கால் சுத்து விட்டு, மறுபடி நட்டை இறுக்கணும். அப்படியும் சொரசொரன்னா உள்ள பால்ரஸ்ல கிரீஸே இருக்காது.

கேட்டவர் | ஏப்ரல் 21, காலை 9.15

ஹேண்டில் விழவில்லை. 45 பாகையில் நிற்கிறது. அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. கால் நுனி முன்சக்கரத்தில் இடிக்கிறது. முன் பிரேக் ஃபோர்க்குக்கு (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டைக்கு) பின்னால், ஃபிரேம் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. அப்படித்தான் இருக்குமா?

ஸ்பேனர் | ஏப்ரல் 21, காலை 9.31

ஃபோர்க்கைத் திருப்பி மாட்டியிருக்காங்க! ஃபோர்க்கோட வளைவு முன்பக்கம் பாக்கணும், பிரேக்கும் முன்னாடி இருக்கணும். டப்பாவில வர்ற வண்டியை அவசரத்துல கோக்கும்போது இது நடக்கும். பிரேக் கேபிள் இழுபடாத மாதிரி பாத்து ஃபோர்க்கை அரைச்சுத்து திருப்பி, முன்சக்கரத்தை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ஹேண்டிலை நேர் பண்ணி, நட்டை இறுக்குங்க. ஹெட் கப்பையும் அதோட தளர்த்திடுங்க. முடியலன்னா பக்கத்து சைக்கிள் கடையில அரைமணி வேலை.

மாமனார்கிட்ட சொல்லுங்க, பயம் புள்ளைக்கு இல்ல, ஃபோர்க்குக்குன்னு.

விளையாட்டு வாத்தியார் | ஏப்ரல் 21, இரவு 9.10

வண்டி சரியானதும் பழக்கும் வரிசை.

முதலில் சீட்டில் உட்கார்ந்தபடி நடப்பது. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு மைதானம் ஒரு சுற்று. இதில் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை, பேசாமல் பக்கத்தில் நடந்தால் போதும். பிறகு நடை தானாக நீண்ட எட்டாகும், எட்டு ஓட்டமாகும். ஒற்றைக் கால் மாற்றி மாற்றியா, இரண்டு காலும் சேர்த்துத் தவளை மாதிரியா என்பது குழந்தையின் இஷ்டம்.

அடுத்து சறுக்கல். நாலைந்து எட்டு ஓடி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு போவது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவளே எண்ணட்டும். மூன்று எண்ணும்வரை கால் தரையில் படாமல் வந்தால் சமநிலை வந்துவிட்டது. ஆனால் பெடலை உடனே மாட்டாதீர்கள். வளைவு பாக்கி இருக்கிறது. செருப்பு, தேங்காய்த் தொட்டி, தண்ணீர் பாட்டில், எதையாவது 2 மீட்டர் இடைவெளியில் வரிசையாக வைத்து, இடமும் வலமுமாக வளைந்து வரச் சொல்லுங்கள். சாய்ந்து திரும்புவது இங்கேதான் ஏறும். இடைவெளியைத் தினமும் மாற்றுங்கள், ஒரே வரிசையை மனப்பாடம் செய்ய விடாதீர்கள்.

இடைவெளியை மாற்றச் சொல்வதற்குக் காரணம்: கெர், பூத் இருவரும் 1978இல் வெளியிட்ட பழைய பரிசோதனை ஒன்று. 8 வயதுப் பிள்ளைகள் சிறு மூட்டையை இலக்கில் வீசிப் பழகினார்கள். ஒரு குழு 3 அடி தூரத்தில் மட்டுமே பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியைத் தொடவே இல்லை. தேர்வு வைத்தது 3 அடியில். மாற்றி மாற்றிப் பழகிய குழுதான் துல்லியமாக வீசியது. எல்லாத் திறமைக்கும் இதே அளவில் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், பிற்பாடு வந்த ஆய்வுகளில் முடிவு கலவையாக இருக்கிறது. மைதானத்தில் தேங்காய்த் தொட்டியை நகர்த்தி வைக்கச் செலவு இல்லை, அவ்வளவுதான்.

நேரம்: 15, 20 நிமிடம். காலை ஒன்று, மாலை ஒன்று. சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் வேண்டாம். கடைசி அரைமணியில் கை தளர்ந்து, விழுவது கூடி, அழுகையில் முடியும். அவள் "இன்னும் ஒரு தடவை" என்று கேட்கும்போதே நிறுத்துங்கள். சிலருக்கு இந்தக் கட்டம் இரண்டு நாள், சிலருக்கு இரண்டு வாரம்.

எதிர்வீடு | ஏப்ரல் 22, காலை 7.20

இவ்வளவு எதற்கு? பிடித்துக்கொண்டு ஓடி, தெரியாமல் கையை விட்டுவிடுவதுதான் காலங்காலமாக நடப்பது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கற்றார்கள். ஓடும் சக்கரத்துக்கு, சுற்றும் பம்பரம் விழாமல் நிற்பது போல, கைரோ விசை உண்டு, வேகம் வந்தால் வண்டி தானே நிற்கும். கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்.

விளையாட்டு வாத்தியார் | ஏப்ரல் 22, மதியம் 12.45

அப்படியும் கற்கலாம், யாரும் மறுக்கவில்லை. சுற்றுவழி என்றுதான் சொல்கிறோம். கேரியரைப் பிடித்தால் சாய்வை நிமிர்த்துவது உங்கள் கை. குழந்தைக்கு எப்போது சாய்ந்தோம், எதனால் நிமிர்ந்தோம் என்ற தகவலே போவதில்லை. பிழை நடக்கிறது, பிழையின் விளைவு நடக்கவில்லை. ஹேண்டிலைப் பிடிப்பது இன்னும் மோசம், திருப்பிச் சமாளிக்கும் வேலையையும் பிடுங்கிவிடுகிறீர்கள்.

பிடித்தே ஆக வேண்டுமென்றால் உடம்பைப் பிடியுங்கள், வண்டியைப் பிடிக்காதீர்கள். ஒரு துண்டை மார்பைச் சுற்றி அக்குள் வழியாகப் பின்னால் கொண்டுவந்து இரண்டு முனையையும் தளர்வாகப் பிடித்துக்கொண்டு ஓடலாம். வண்டி அதன்போக்கில் ஆடும், நீங்கள் விழுவதை மட்டும் தடுப்பீர்கள். துண்டு எப்போதும் தொய்வாகவே இருக்க வேண்டும்.

தெரியாமல் கையை விடுவது எனக்கு உடன்பாடில்லை. திரும்பிப் பார்த்து ஆளைக் காணோம் என்றதும் விழும். அடுத்த நாள் முழுக்கப் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தே ஓட்டும். சொல்லிவிட்டு விடுங்கள்.

அரைக்கிளட்ச் | ஏப்ரல் 22, மாலை 5.02

கைரோ பற்றி. சக்கரம் சுற்றுவதால் கிடைக்கும் விசை உண்மைதான், சைக்கிள் விழாமல் இருப்பதற்கு அது கட்டாயத் தேவை இல்லை. 1970இல் டேவிட் ஜோன்ஸ், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கம் சுழலும் இன்னொரு சக்கரத்தை மாட்டி அந்த விசையை அடித்துப்போட்டார். அப்படியும் ஓட்ட முடிந்தது. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் கைரோ விளைவையும், முன்சக்கரம் ஹேண்டில் அச்சுக்குப் பின்னால் இழுபடும் விளைவையும் நீக்கி ஒரு சிறு வண்டி செய்தார்கள். ஆளில்லாமலே அது நிமிர்ந்து ஓடியது. சாயும் பக்கம் முன்சக்கரம் திரும்பினால் போதும், எதனால் திரும்புகிறது என்பது இரண்டாம் பட்சம்.

குழந்தை ஓட்டும் வேகத்தில் கைரோ விசை சொற்பம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 இன்ச் சக்கரத்தில் என்ன எடை இருக்கிறது?

எதிர்வீடு | ஏப்ரல் 22, மாலை 5.40

சரி, கைரோவை விட்டேன். பெடல் இல்லாத சைக்கிள் வெளிநாட்டு மோகம் என்பதை விடமாட்டேன். நாங்கள் குரங்கு பெடல் போட்டு வந்தவர்கள்.

ஸ்பேனர் | ஏப்ரல் 22, இரவு 10.15

குரங்கு பெடலே இதுதான் அண்ணே! வரிசையை நினைச்சுப் பாருங்க. முதல்ல பெரிய சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போறது. அடுத்து இடது பெடல்ல ஒரு காலை வச்சு, வலது காலால தரையைத் தள்ளித் தள்ளி நின்னபடியே போறது. அப்புறந்தான் பாருக்குக் கீழ முக்கோணத்துக்குள்ள வலது காலை நுழைச்சுப் பெடலைத் தொடறது. தரையைத் தள்ளிட்டு ஏறி நின்னு போனதுதான் இவங்க சொல்ற சறுக்கல். பேலன்ஸ் முதல்ல வந்துச்சு, மிதிக்கிறது பின்னாடி வந்துச்சு.

மிதிக்கிறதும் முழுச்சுத்து கிடையாது. இடுப்பு ஒருபக்கம் தொங்கிக்கிட்டு இருக்கும், வலது கால் பாருக்கு அடியில மடங்கி இருக்கும், முழுசா சுத்த எட்டாது. பாதி அமுக்கி, ஃப்ரீவீல் இருக்கிறதால பின்னாடி கொண்டுவந்து, மறுபடி பாதி. டக்கு டக்குன்னு சத்தம். அதுல ஓட்டினவனுக்கு பார்ல உக்காந்ததும் முழுப் பெடல் ஒரே நாள்ல வந்துச்சுன்னா அதிசயம் இல்லை.

அரைக்கிளட்ச் | ஏப்ரல் 22, இரவு 10.50

சைக்கிளின் வரலாறே அந்த வரிசைதான். 1817இல் ஜெர்மனியின் மன்ஹைமில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்குப் பெடல் கிடையாது, காலால் தள்ளி ஓடுவது. முன்சக்கரத்தில் பெடல் பரவலானது 1860களில், பாரிஸில். பேலன்ஸ் முதலில், பெடல் நாற்பது சொச்சம் வருடம் கழித்து.

பால்வாடி | ஏப்ரல் 23, காலை 6.40

பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால்: 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலும் கற்றார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஆக, ஐந்து வயதில் விட்டால் போச்சு என்பதெல்லாம் இல்லை. இந்த விடுமுறையில் வராவிட்டால் அடுத்த விடுமுறை.

சட்டை பட்டன் | ஏப்ரல் 23, பிற்பகல் 3.30

இழையைத் திசைதிருப்புகிறேன், மன்னிக்கவும். ஜூனில் எல்.கே.ஜி. போகும் பையனுக்குச் சட்டைப் பட்டன் போட வரவில்லை. அதற்கும் இப்படிக் கழற்றிப் பழக்கும் வழி உண்டா?

பால்வாடி | ஏப்ரல் 23, இரவு 7.55

உண்டு, ஆனால் வேறு வழி. சைக்கிளில் ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு மற்றதைப் பழக்கினோம். பட்டனில் வேலையைப் பின்னாலிருந்து பழக்க வேண்டும்.

பட்டன் போடுவதில் நாலு அசைவு: துணியின் விளிம்பைப் பிடிப்பது, பட்டனை ஓட்டைக்குள் பாதி தள்ளுவது, மறுபக்கம் வந்த பாதியை மற்ற கையால் பிடிப்பது, இழுப்பது. முதல் மூன்றையும் நீங்கள் செய்யுங்கள். பட்டன் பாதி வெளியே வந்து நிற்கும்போது, "இழு" என்று கடைசி அசைவை மட்டும் அவனுக்கு விடுங்கள். அது வந்ததும் பிடித்து இழுப்பது அவனுடையது. பிறகு தள்ளுவது. இப்படிப் பழக்கினால் ஒவ்வொரு தடவையும் வேலை அவன் கையில் முடிகிறது. முன்னாலிருந்து பழக்கினால் தொடங்குவது அவன், முடிப்பது நீங்கள். அதனால்தான் பாதியில் கையை எடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

கவனிக்க வேண்டியவை: 2 செ.மீ. அளவுள்ள பெரிய பட்டனில் தொடங்குங்கள், பெரியவர்களின் பழைய ஸ்வெட்டர் நன்றாக வரும். சட்டைக்கு வரும்போது கீழ்ப் பட்டனில் தொடங்குங்கள், கழுத்துப் பட்டன் கண்ணுக்கே தெரியாது. புது யூனிஃபார்மில் காஜா இறுகி இருக்கும், நீங்களே பலமுறை போட்டுக் கழற்றித் தளர்த்திவிட்டுக் கொடுங்கள். மேசைமேல் விரித்த சட்டையில் நன்றாகப் போடுகிறவன் உடம்பில் போட்ட சட்டையில் தடுமாறுவான், திசை மாறிவிடுகிறது. ஆகவே மேசைப் பயிற்சியைச் சீக்கிரம் விட்டுவிட்டு உடம்புக்கு வாருங்கள். காலை பள்ளி வேன் நேரத்தில் பழக்காதீர்கள். சாயங்காலம் சட்டையைக் கழற்றும் நேரம் நல்லது, கழற்றுவது போடுவதைவிட எளிது.

பென்சிலுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், அடுத்து யாராவது கேட்பீர்கள். நீளமான பென்சிலைக் கொடுத்துவிட்டு விரலை மடக்கி மடக்கி வைக்காதீர்கள். 3 செ.மீ. துண்டு கிரேயான், அல்லது துண்டு சாக்பீஸ். முழுக் கையால் பிடிக்க இடமே இருக்காது, விரல் நுனிதான் பிடிக்கும்.

கேட்டவர் | ஏப்ரல் 27, இரவு 8.05

ஃபோர்க் திருப்பியாகிவிட்டது, ஹெட் கப்பில் கிரீஸும் வைத்தாகிவிட்டது. தட்டை சீட் போட்டு 47க்குக் கீழே வந்தது. கால் தூக்கி மூன்று எண்ணுகிறாள், செருப்பு வரிசையிலும் வளைகிறாள். பெடல் மாட்டலாமா?

விளையாட்டு வாத்தியார் | ஏப்ரல் 27, இரவு 9.20

அதற்கு முன் பிரேக். ஓடி வந்து, தரையில் கிழித்த கோட்டில் பிரேக்கால் மட்டும் நிற்க வேண்டும், காலைத் தேய்க்கக் கூடாது. அது வந்த பிறகு பெடல்.

பெடல் மாட்டும்போது சீட்டை 2, 3 செ.மீ. ஏற்றுங்கள். அடியோடு இறங்கிய சீட்டில் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும், மிதிக்க வலு இருக்காது. இரண்டு கால் முன்பாதமும் தரையில் பட்டால் போதும்.

கிளம்புவது இரண்டு விதம். முதல் விதம் அவளுக்குத் தெரிந்தது: நாலு எட்டு ஓடிச் சறுக்கிக்கொண்டே காலைப் பெடலில் வைப்பது. முதல் நாள் அது போதும். இரண்டாவது, நின்ற இடத்திலிருந்து. ஒரு பெடலைக் கடிகாரத்தின் 2 மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் பாதத்தை வைத்து ஓங்கி அமுக்கி, மற்ற கால் தரையைத் தள்ளும். பெடல் அடியில் இருந்தால் அமுக்க எதுவும் இல்லை, உச்சியில் இருந்தால் அமுக்கினாலும் நகராது. பெடலை 2 மணிக்குக் கொண்டுவரும் வழியைத் தனியாகக் காட்டுங்கள்: பாதத்தின் மேல்பக்கத்தைப் பெடலுக்கு அடியில் கொடுத்துத் தூக்குவது.

பெடல் வந்ததும் மூன்று தொல்லை வரும். கண் பாதத்துக்குப் போகும். நகரத் தொடங்கியதும் மிதிப்பதை நிறுத்துவாள். வலது காலை அமுக்கும்போது ஹேண்டிலும் வலதுபக்கம் இழுபடும். மூன்றுக்கும் மூன்று அறிவுரை சொல்லாதீர்கள். தூரத்தில் ஒன்றைக் காட்டி "அந்த வேப்பமரத்துக்குப் போ" என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள். காலைப் பார், கையை நேராக வை என்று உடம்பைக் கவனிக்கச் சொல்வதைவிட வெளியே ஒன்றில் கவனத்தை வைக்கச் சொன்னால் சமநிலைப் பயிற்சியில் நன்றாகக் கற்கிறார்கள் என்று கேப்ரியேல வுல்ஃப் குழுவினர் 1998 முதல் காட்டி வருகிறார்கள். அவர்கள் தொடங்கியது பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில்.

எதிர்வீடு | ஏப்ரல் 28, காலை 7.00

போர்ச்சுகலில் ஆய்வே நடந்திருக்கிறதாமே, பெடல் இல்லாத வண்டியில் தொடங்கினவர்கள் சைடு வீல்காரர்களைவிடச் சின்ன வயதில் ஓட்டிவிட்டார்கள் என்று. 2022இல் வந்தது. நானே தேடிப் படித்தேன். ஆனால் கேள்வித்தாள் கொடுத்து ஞாபகத்திலிருந்து எழுத வாங்கியது. பெடல் இல்லாத வண்டியை 2 வயதிலேயே வாங்கலாம், அதனாலேயே வயது குறைந்திருக்கலாம் அல்லவா?

விளையாட்டு வாத்தியார் | ஏப்ரல் 28, காலை 8.35

நியாயமான ஆட்சேபம். வயது வித்தியாசம் முழுவதையும் வண்டியின் கணக்கில் எழுத முடியாது. அதனால்தான் நான் வயதைச் சொல்லவில்லை, எந்த வேலையை யார் கை செய்கிறது என்பதைச் சொன்னேன்.

கேட்டவர் | மே 1, மாலை 6.50

ஓட்டுகிறாள். வேப்பமரம் வரை போய்த் திரும்பி வருகிறாள். ஒரு சந்தேகம் மட்டும். வலது பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டவில்லை. இடது பிரேக் மட்டும் போதுமா?

ஸ்பேனர் | மே 1, இரவு 9.05

போதாது. லீவரோட உள்பக்கம், கம்பிப் பிடிக்குக் கிட்ட ஒரு சின்ன திருகு இருக்கும். அதை உள்ள திருகினா லீவர் ஹேண்டில் பக்கம் நெருங்கும். அப்புறம் கேபிள் தொய்வை அட்ஜஸ்ட்டர்ல சரி பண்ணணும். கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மி.மீ. இடைவெளி, லீவரை முழுசா அமுக்கினாலும் ஹேண்டிலைத் தொடக்கூடாது. திருகே இல்லாத லீவரா இருந்தா குழந்தைக் கை லீவர்னு கேட்டு வாங்கி மாட்டுங்க. அப்படியும் கல்லு மாதிரி இருந்தா கேபிள் உறைக்குள்ள துரு, உறையோட மாத்திடுங்க.

எது முன் பிரேக்னு லீவரை அமுக்கிப் பாத்து வச்சுக்கோங்க. பின் பிரேக்கை ஒரு நொடி முன்னாடி பிடிக்கப் பழக்குங்க. முன் பிரேக்கை மட்டும் படக்குன்னு பிடிச்சா தூக்கிப் போடும்.

விளையாட்டு வாத்தியார் | மே 1, இரவு 9.40

நொடிக் கணக்கு ஐந்து வயதுக்கு ஏறாது. "ரெண்டையும் சேர்த்து, மெதுவா" போதும். ஹெல்மெட் பட்டி கன்னத்தில் தொங்காமல் தாடைக்கடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருக்கட்டும், முன்விளிம்பு புருவத்துக்கு மேலே இரண்டு விரல். பாவாடை கட்டி ஓட்டினால் செயின் பக்கம் கவனம். செயின் கவரைக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டிவிடுங்கள்.

ஸ்பேனர் | மே 1, இரவு 9.52

சேர்த்துப் பிடிக்கிறது சரி மாஸ்டர், ஆனா முன் பிரேக் புதுக்கட்டைன்னா ரொம்பக் கடிக்கும். முதல் வாரம் முன் கேபிளைக் கொஞ்சம் தளர்வா வச்சுக்கலாம். செயின் கவர் திருகுக்குக் கீழ வாஷர் போடுங்க, இல்லன்னா ரெண்டு நாள்ல கடகடன்னு ஆடும்.